கோடங்கியைக் கேள்வி கேட்ட செவத்தி

வந்தவர்கள் உட்காருங்கள். உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்துங்கள். யாருடைய தாத்தாவுக்குத் தாத்தாவும் பிறந்திராத காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம், கோமாறன் என்றொரு அரசன் இருந்தான். கதை அவனைப் பற்றியது இல்லை. அரசன் இல்லாமல் கதையைத் தொடங்கினால் உங்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் முதலிலேயே அவனைச் சொல்லி வைத்தேன்.

கதை, அவன் நாட்டு எல்லையில் கருநொச்சி என்ற ஊரில் வாழ்ந்த ஒரு கோடங்கியையும் அவன் பெண்சாதியையும் பற்றியது. கோடங்கி யாரென்று தெரியுமல்லவா? உடுக்கையை அடிப்பான். இறந்தவரின் ஆவியை அழைப்பான். அதைத் தன் உடம்பிலேயே இறக்கி, அதன் வாயாக இருந்து பேசுவான். ஆவி உண்டா இல்லையா என்று என்னைக் கேட்டுத் தொல்லை பண்ணாதீர்கள். இந்தக் கதையில் உண்டு.

கோடங்கியின் பெயர் முத்திருளன். நல்ல மனிதன். மேட்டுக்காட்டில் சாமை விதைப்பான், ஆடு மேய்ப்பான், வேலி கட்டுவான். யாராவது துக்கம் தாங்காமல் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தால் மட்டும் உடுக்கையை எடுப்பான். இறந்தவர் அவன் வாயால் நாலு வார்த்தை பேசுவார். கேட்டவர் வாய்விட்டு அழுவார். அழுது முடித்ததும் எழுந்து அடுப்பு மூட்டுவார்.

கருநொச்சியில் கோடங்கிகளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. உடுக்கையைத் தொட்ட நாளில் கோடங்கி நேராக வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாசலில் நிற்க வேண்டும். அந்த வீட்டு மனிதர் ஒருவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். வந்திருப்பது யார்? காலையில் என்ன சாப்பிட்டாய்? நாளைக்கு உனக்கு என்ன வேலை? மூன்றுக்கும் சரியாகப் பதில் வந்தால்தான் கதவு திறக்கும்.

அதனால் அந்த ஊரில் தனிக்கட்டை எவனும் கோடங்கி ஆக முடியாது. வேறு தொழில் இல்லாதவனும் ஆக முடியாது. நாளைக்கு என்ன வேலை என்று கேட்டால் அவன் எதைச் சொல்வான்?

முத்திருளனைக் கேள்வி கேட்பவள் அவன் பெண்சாதி செவத்தி. வீட்டுக்குள் அவள் அவனை மரியாதையாகத்தான் பேசுவாள். கதவுக்கு வெளியே நிற்பது யாரென்று தெரியாதவரைக்கும் மரியாதை கிடையாது.

"வந்திருக்கிறது யாரு?"

"முத்திருளன். சடையன் மகன்."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"கூழு. உப்புப் பத்தல."

"உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நாளைக்கு என்ன வேலை?"

"மேட்டுக்காட்டு வேலி சரிஞ்சு கெடக்கு. கட்டணும்."

தாழ்ப்பாள் விலகும். "வாங்க, காலக் கழுவிட்டு உக்காருங்க. உப்புப் பத்தலன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லணுமா?" என்பாள். அந்தச் சண்டை இரவுச் சோறு வரைக்கும் போகும். முதல் இரண்டு கேள்வி ஆவிக்கு, மூன்றாவது கேள்வி புருஷனிடம் வேலை வாங்குவதற்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்றாவது கேள்வி எதற்கு என்று செவத்திக்கும் அப்போது தெரியாது. மாமியார் கேட்டாள், இவளும் கேட்டாள்.

இப்போது அரசனிடம் வருவோம். கோமாறனுக்கு ஒரே மகன், இளமாறன். மீசை அரும்புகிற வயதில் ஆற்று வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போயிற்று. அரசன் அழவில்லை. அழுதால் மகன் செத்தது உண்மையாகிவிடும் என்று பயந்தான் போலிருக்கிறது. சபைக்கு வருவதை நிறுத்தினான். ஏரிக்கரை உடைந்ததைச் சொல்லப் போனவர்களைத் துரத்தினான். கடைசியில் யாரோ அவன் காதில் முத்திருளன் பெயரைப் போட்டார்கள்.

அரண்மனை அதிகாரி பல்லக்கோடு கருநொச்சிக்கு வந்தான். பல்லக்கைப் பார்த்த செவத்தி, "நானும் வாரேன்" என்று கிளம்பினாள்.

"அரண்மனைக்குள் உனக்கென்ன வேலை?" என்றான் அதிகாரி.

"வாசல்ல இவரக் கேக்குறது யாரு?"

"அரசரின் விருந்தாளியைக் கேள்வி கேட்க யாருக்குத் தைரியம் உண்டு?" அதிகாரி சிரித்தான்.

முத்திருளனுக்குக் கூச்சமாகிவிட்டது. பெரிய இடம். அங்கே போய் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்ட என்று கத்தினால் மானம் என்ன ஆவது? "ஒரு நாள்தான புள்ள, வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினான். அவன் பரம்பரையில் எந்தக் கோடங்கியும் செய்யாத தப்பை அவன் செய்தது அங்கேதான்.

அரண்மனைத் தோட்டத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், முத்திருளன் உடுக்கையை அடித்தான். இளமாறன் வந்தான். "அப்பா" என்றான். மகன் தன் முதல் குதிரைச் சவாரியைச் சொன்னான். வெள்ளைக் குதிரை தன்னைச் சேற்றில் தள்ளிவிட்டதையும், அப்பா சிரித்ததையும், தான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததையும் சொன்னான். அரசன் அவனைக் கட்டிக்கொண்டான்.

அது முடிந்து, தனக்குக் கொடுத்த அறைக்கு முத்திருளன் திரும்பினான். பழக்க தோஷத்தில் வாசலில் நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. காவலர்கள் குனிந்து வணங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அரசன் மறுபடி கேட்டான். முத்திருளன் மறுபடி அழைத்தான். அன்று வாசலில் கொஞ்சம் தயங்கி, உள்ளே போனான்.

அரசன் மூன்றாவது தடவையும் கேட்டான். அன்று முத்திருளன் வாசலைக் கவனிக்கவே இல்லை.

ஆவி அவனை மடக்கிப் பிடித்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. சொல்வதற்கு எனக்கே வருத்தமாக இருக்கிறது. அவனுக்கு அது பிடித்திருந்தது. அரசன் தன் கையால் ஊட்டுகிறான். தலையைத் தடவிக் கொடுக்கிறான். பட்டு மெத்தை, பால்சோறு. வேலி சரிந்தால் எனக்கென்ன என்று இருக்கலாம். இளவரசனாக இருப்பது சாமை விதைப்பதைவிடச் சுகம். கொஞ்ச நாளில் உடுக்கை தேவைப்படவில்லை. அடிக்காமலேயே இளமாறன் வந்தான். அப்புறம் போகவும் இல்லை.

கருநொச்சியில் சாமைக்குக் களை எடுக்கும் காலம் வந்தது. போனவன் வரவில்லை. செவத்தி ஆடுகளைப் பக்கத்து வீட்டில் கட்டினாள். வீட்டைச் சாத்தினாள். தலைநகருக்கு நடந்தாள். அரண்மனை வாசலில் அவளைத் தடுத்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஆள் வந்து அழைத்துப்போக வேண்டியதாயிற்று.

சபையில் அரசனுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் இளவரசன் உடையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சோற்றைத் தின்பது ஒருவன், உடம்பு இன்னொருவனுடையது. ஒட்டுமா? செவத்தி மூன்று கேள்வியையும் கேட்டாள். அவன் திரும்பியே பார்க்கவில்லை. அது அரசன் வீடு. அவள் அந்த வீட்டு மனிதர் இல்லை.

அப்போது செவத்தி, அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி செய்யத் துணியாத காரியத்தைச் செய்தாள். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"முத்திருளா!"

சபை திடுக்கிட்டது. அவன் அசையவில்லை.

"முத்திருளா!"

யாரோ ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏ முத்திருளா, சடையன் மகனே!"

அவன் அரசனிடம் குனிந்து, "இவள் யார் அப்பா?" என்று கேட்டான்.

செவத்தி அழவில்லை. அழுவதற்கு வீட்டில் இடம் இருக்கிறது, இங்கே வந்தது புருஷனைக் கூட்டிப்போக என்று மனதைக் கட்டினாள். அரசனை நேராகப் பார்த்தாள்.

"மகாராசா, இந்த வீட்டு ஆளு நீங்க. கேள்வியை நீங்கதான் கேக்கணும்."

அரசனுக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் மகன் போய்விடுவான். "இவளை வெளியே தள்ளுங்கள்" என்றான்.

தள்ளினார்கள். அவள் கோட்டை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சினாள். தெருவைப் பெருக்கினாள். வந்து போகிற வண்டிக்காரர்களுக்குக் கூடை முடைந்து கொடுத்தாள். தினமும் அரசன் வெளியே வரும்போது எழுந்து நிற்பாள். "கேளுங்க மகாராசா" என்பாள்.

அரசன் ஊருக்குத் துரத்தச் சொன்னான். கொண்டுபோய் விட்டவர்கள் திரும்பி வருவதற்குள் அவள் வந்துவிட்டாள். அரசன் நல்ல நஞ்சை நிலம் தருகிறேன் என்றான். "உழுறதுக்கு ஆளக் குடுங்க. எங்க வீட்டு ஆளக் குடுங்க" என்றாள். அரசன் சிறையில் போடுவேன் என்றான். "போடுங்க. அங்கிருந்து கத்தினா உங்க அறைக்கு இன்னும் நல்லாக் கேக்கும்" என்றாள்.

அப்புறம் அரண்மனை வைத்தியர் அரசனிடம் வந்தார். "இந்த உடம்பு அறுவடையைப் பார்க்காது" என்றார்.

அன்று கோமாறன் தானாகவே கோட்டை வாசலுக்கு வந்தான். பரிவாரம் இல்லை. செவத்தி கூழ்ப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷனைக் கொல்ல நான் நினைக்கவில்லை அம்மா" என்றான்.

"நினைக்காம செஞ்சாலும் சாவுதான மகாராசா. அவரு செத்தா உங்க மகனும் இன்னொரு தடவ சாவான். மொதத் தடவ ஆறு கொண்டுபோச்சு. இந்தத் தடவ நீங்க."

அரசன் அந்த அடுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. வந்ததுலருந்து உங்க மகன் புதுசா ஏதாவது பேசுனானா?"

அரசன் முகம் மாறியது. அவனுக்கு முன்பே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. மகன் அதே வெள்ளைக் குதிரைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அதே இடத்தில் சிரித்தான், அதே இடத்தில் கோபித்துக்கொண்டான். முதல் தடவை கேட்பது போல அரசன் நடித்துக்கொண்டிருந்தான். சிரித்துச் சிரித்து அவனுக்கு வாய் வலித்தது.

அவன் முகத்தைப் பார்த்ததும் செவத்திக்கு அந்த மூன்றாவது கேள்வி எதற்கென்று சட்டென்று புரிந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மகாராசா, பேரும் சாப்பாடும் செத்தவங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நாளைக்கு என்னன்னுதான் அவங்களுக்குத் தெரியாது. அதக் கேளுங்க. பதில் சொன்னான்னா அவன் உங்க மகன். நான் தனியாளா ஊருக்குப் போறேன்."

பந்தயம் என்றால் இது பந்தயம். அவள் குரல் நடுங்கவில்லை. கூழ்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அரசன் அவளை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். மகன் பெயரைக் கேட்டான். "இளமாறன்" என்று பதில் வந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். "பால்சோறு அப்பா, நீங்கள்தானே ஊட்டினீர்கள்" என்று பதில் வந்தது. அரசன் செவத்தியைப் பார்த்தான். இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்பது போல இருந்தது. அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"மகனே, நாளைக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?"

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை.

"வேட்டைக்குப் போகலாமா? உனக்குப் பெண் பார்க்கட்டுமா? நாட்டை வாங்கிக்கொள்கிறாயா? ஏதாவது சொல்லு."

அவன் அரசனையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அந்த வெள்ளைக் குதிரை..." என்று ஆரம்பித்தான்.

அரசன் முகத்தை மூடிக்கொண்டான். மகன் செத்ததிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வெகுநேரம் அழுதான். பிறகு அவன் தோளைத் தொட்டு, "போய் வா, மகனே" என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை.

"வான்னு சொல்லாதீங்க மகாராசா" என்றாள் செவத்தி. இப்போது அவள் குரலில் கடுமை இல்லை.

நம்மில் யார்தான் வாசல் தாண்டுகிறவரைப் பார்த்து வெறுமனே போ என்போம்? அரசனுக்கும் நாக்கு எழவில்லை. மறுபடியும் "போய் வா" என்றே வந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மகன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான்.

"போ, மகனே. இனி வர வேண்டாம். போ" என்றான்.

முத்திருளன் வெட்டிய மரம் போலச் சாய்ந்தான். செவத்தி தாங்கிக்கொண்டாள். அரசன் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தான். பிறகு அதே ஈரக்கையோடு சபைக்குப் போய், ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பச் சொன்னான்.

கதை முடிந்தது என்று எழுந்திருக்கிறீர்களே, உட்காருங்கள். வந்தவன் போனான், சரி. இருந்தவன் வந்தானா?

வரவில்லை. செவத்தி அவனை ஊருக்கு அழைத்துவந்து வாசலில் நிறுத்தினாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். யார் என்று கேட்டாள். "தெரியல" என்றான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். அதுவும் தெரியவில்லை. நாளைக்கு என்ன வேலை என்று கேட்டாள். சும்மா நின்றான். அவள் கதவைத் திறக்கவில்லை.

ஊர் அவளைத் திட்டியது. "நோயாளி மனுசன வெளிய நிறுத்துறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கேட்டார்கள். "கதவத் தெறந்தா இப்படியே இருந்துருவாரு" என்றாள் அவள். ஆட்டுக்கொட்டிலில் பாய் போட்டாள். கூழ் கொடுத்தாள். மண்வெட்டியைக் கையில் கொடுத்தாள். காலையில் காட்டுக்கு அழைத்துப்போனாள். அவன் கை மெத்தென்று ஆகியிருந்தது. கொப்புளம் கண்டு உடைந்தது. அவள் துணி கட்டிவிட்டு மறுபடி மண்வெட்டியைக் கொடுத்தாள். கொட்டிலில் அவன் தூங்கியபிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதாள். விடிந்ததும் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மெல்ல மெல்லப் பெயர் வந்தது. பிறகு ருசி வந்தது. அறுவடை முடிந்த ஒரு சாயங்காலம் அவன் ஆட்டுப்பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, "நாளைக்கு இந்தப் பட்டிய மாத்திக் கட்டணும் புள்ள, ஆடு தாண்டுது" என்றான். செவத்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

அவன் காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "அங்க எனக்குச் சுகமா இருந்துச்சு செவத்தி. நீ கூப்பிட்டது கேட்டுச்சு. எங்கயோ தூரத்துல கேட்டுச்சு. வேணும்னுதான் திரும்பல."

அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து போனாள், வந்தாள், மறுபடி போனாள். அப்புறம் அவன் முன்னால் வந்து நின்றாள். "தெரியும். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

அவன் உடுக்கையை உடைக்கப் போனான். அவள் தடுத்தாள். துக்கம் தாங்காமல் கிடப்பவர்கள் ஊரில் இன்னும் இருந்தார்கள். அவன் மறுபடி கோடங்கி ஆனான். ஆனால் அவளில்லாமல் எங்கும் போவதில்லை.

பின்னொரு நாள் பக்கத்து நாட்டுப் பிரபு ஒருவனின் ஆள் யானையோடு வந்தான். முத்திருளன் காட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"உடனே கிளம்பு. எங்கள் பிரபுவின் மனைவி இறந்துவிட்டார். அவரோடு பேச வேண்டுமாம். நீ மட்டும் வந்தால் போதும்."

"எம் பொஞ்சாதியும் வருவா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு அறை குடுக்கணும், அங்க அதுதான் எங்க வீடு. வேலை முடிஞ்சதும் அவ உள்ள கதவச் சாத்திக்கிட்டு என்னக் கேள்வி கேப்பா. அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு பேரும் ஊருக்குக் கெளம்பிருவோம்."

"பிரபுவின் மாளிகையில் ஒரு பெண் கதவைச் சாத்துவதா? அதெல்லாம் நடக்காது. யானை மேல் உன் எடைக்கு எடை பொன் வைத்திருக்கிறேன், பார்."

முத்திருளன் யானையைப் பார்த்தான். அந்த மெத்தை, அந்தப் பால்சோறு, தலையைத் தடவிய அந்தக் கை எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தன. ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். அவன் ஒரு கல்லை எடுத்துக் கூடையில் போட்டான். இன்னொரு கல்லை எடுத்துப் போட்டான்.

"அப்ப உங்க பிரபுவ அழச் சொல்லு. அழுதா தீரும். நான் வரல."

வந்தவன் கெஞ்சினான், மிரட்டினான், கடைசியில் யானையைத் திருப்பினான். முத்திருளன் கல் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கினான்.

கேட்டவர்களே, கண்ணுக்குத் தெரியாத சக்தியைத் தொடுகிறவன் எவனாக இருந்தாலும், தன்னைக் கேள்வி கேட்க ஒரு மனிதரும் மறுநாள் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.